நான்காம் அத்தியாயம் இல்லாத சரித்திரப் புத்தகம்

1. முதல் நாள்

"மரியா, நீ இண்டைக்குக் கில்லட்டினுக்குப் போ" என்று சூப்பர்வைசர் கிரெய்க் சொன்னபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினொரு வருடம் ஏ.எல். என்ற உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய சரித்திரம் படிப்பித்தவள் நான். எனக்குத் தெரிந்த கில்லட்டின் ஒன்றே ஒன்றுதான். அதில் ராஜாவின் தலை போனது, ராணியின் தலை போனது, பிறகு அவர்களை அனுப்பி வைத்தவர்களின் தலையும் போனது. ஒக்லாந்தில் பென்ரோஸில் உள்ள ஒரு புத்தகம் கட்டும் தொழிற்சாலையில் அது என்ன வேலை செய்கிறது என்று பயந்துகொண்டே போனால், கத்தை கத்தையாகப் பேப்பர் வெட்டும் இயந்திரம்! எங்கள் ஊர் அச்சகங்களில் அதைக் கட்டிங் மெஷின் என்போம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கணவருக்கு விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை, வீடு கிளென் ஈடனில். என் பட்டத்தையும் பயிற்சிச் சான்றிதழையும் பார்த்த ஒருவரும் என்னை வகுப்பறைக்குள் விடுவதாக இல்லை. சரி, புத்தகம் படிப்பிக்க முடியாவிட்டால் புத்தகம் கட்டுவோம் என்று போய்ச் சேர்ந்தேன்.

முதல் வாரம் முழுக்க எனக்கு அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி. முதலாளி அம்மாவை எல்லாரும் "பார்பரா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் தன் தேநீர்க் கோப்பையைத் தானே கழுவினார். ஸ்மோக்கோ என்று சொல்லப்படும் தேநீர் இடைவேளையில் கிரெய்க் மேசையில் கால் போட்டுக்கொண்டு, வேலையாட்களோடு சரிக்குச் சரி பகிடி விட்டார். எனக்கு வாய் வரவில்லை. கடைசி வரைக்கும் அவரை "மிஸ்டர் கிரெய்க்" என்றுதான் கூப்பிட்டேன். அவர்கள் பேசியது ஆங்கிலம். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

2. மிர்ச்சாவும் நானும்

ஒரு மாதத்தில் என்னை ஃபோல்டிங் மெஷினுக்கு மாற்றினார்கள். அந்த மெஷினை ஓட்டியவர் மிர்ச்சா என்ற ருமேனியாக்காரர். நாற்பது வயதிருக்கும், கதை குறைவு. மனைவியும் மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதென்றால் கையில் நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்று இமிகிரேஷனில் சொல்லியிருந்தார்கள். அதனால் அந்த மனிதர் மெஷினைக் கோயில் விளக்கு மாதிரித் துடைத்து வைத்திருப்பார்.

வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். மெஷின் அதை மடித்துத் தள்ளும். மடித்த கட்டுக்கு செக்‌ஷன் என்று பெயர். எட்டு செக்‌ஷனை வரிசையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, பசை போட்டு, அட்டை ஒட்டினால் ஒரு புத்தகம். ஒவ்வொரு செக்‌ஷனின் முதுகிலும் ஒரு கறுப்பு அடையாளம் இருக்கும். முதலாவதில் உச்சியில், இரண்டாவதில் சற்றுக் கீழே, இப்படி இறங்கிக்கொண்டே போகும். சரியாக அடுக்கியிருந்தால் முதுகில் அழகான படிக்கட்டு தெரியும். ஒரு செக்‌ஷன் விடுபட்டால் ஒரு படி இருக்காது. அந்தப் படிக்கட்டைப் பார்த்து, செக் ஷீட்டில் கையெழுத்து வைப்பது என் பொறுப்பு.

அந்த நேரத்தில்தான் ஹைஸ்கூல் மாணவர்களுக்கான சரித்திரக் கையேடு ஒன்று வந்தது. ஐரோப்பியப் புரட்சிகள்! நான் துள்ளிக் குதிக்காத குறை. பிரான்ஸ், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டின் எழுச்சிகள், ரஷ்யா, கடைசியில் பெர்லின் சுவர் வரைக்கும். நாலாவது செக்‌ஷன் முழுக்க ஒரே அத்தியாயம்: புரட்சிகளின் சிந்தனை வேர்கள். மெஷினில் இருந்து வரும் கட்டுகளைத் தட்டி அடுக்கும் சாட்டில் வரிவரியாக அதை வாசித்து முடித்தேன்.

ராஜாவுக்கு அதிகாரம் கடவுள் கொடுத்தது என்று ஆயிரம் வருடம் நம்பியவர்கள், "அந்தப் பத்திரத்தைக் காட்டு பார்ப்போம்" என்று எப்போது கேட்கத் தொடங்கினார்கள் என்பதில் அத்தியாயம் ஆரம்பித்தது. ஆள்பவனுக்கும் ஆளப்படுபவனுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை உண்டு, ஆள்பவன் அதை முறித்தால் மற்றவனையும் அது கட்டாது என்ற எண்ணம், காப்பிக் கடைகளிலும் வரவேற்பறைகளிலும் எப்படிப் பரவியது என்று போனது. ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். பிரான்சில் தடைசெய்யப்பட்ட எழுத்துகளை வெளிநாட்டில் அச்சடித்து, கட்டாமல், வெறும் தாள்களாக, வேறு யோக்கியமான புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே செருகி எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்களாம். உள்ளே வந்த பிறகுதான் பிரித்தெடுத்துக் கட்டுவார்களாம். என் பதினொரு வருட நோட்ஸில் அப்படி ஒரு வரி இருக்கவில்லை. என் நோட்ஸில் இருந்தது: அரசியல் காரணங்கள் ஐந்து, பொருளாதாரக் காரணங்கள் ஐந்து, சமூகக் காரணங்கள் நான்கு, சிந்தனையாளர்களின் பங்களிப்பு அரைப் பக்கம். நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள்.

மிர்ச்சாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"வேரும் இல்லை, மண்ணும் இல்லை, மரியா. எங்களுக்கு வீட்டில சூடு இல்லை, கடையில பாண் இல்லை. அவ்வளவுதான்."

"பசி ஆயிரம் வருசமா இருந்தது. அப்ப ஏன் முதலே எழும்பேல்லை? யோசனை மாறினபடியால்தானே?"

"புத்தகக்காரி மாதிரிக் கதைக்கிறாய்."

"நான் புத்தகக்காரிதான்."

அவர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். பிறகு சொன்னார். "எங்கட ஊர்ப் புரட்சி தொடங்கின சதுக்கத்தில நான் நிண்டனான். வேலைத்தலத்தில இருந்து பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவை, கைதட்ட. ஜனாதிபதி மேல மாடத்தில நிண்டு பேசுறார். எங்கேயோ ஒரு சத்தம், கூக்காட்டுற சத்தம். ஆரடா இந்த விசரன், எல்லாரையும் சாக்காட்டப் போறான் எண்டு திரும்பிப் பாத்தன். எல்லாரும் என்னைத்தான் பாக்கினம். கத்தினது நான்."

பதினொரு வருடம் புரட்சி புரட்சி என்று கத்தினேன், புரட்சி செய்த ஒரு மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

3. புதன்கிழமை காலை

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலாவது செக்‌ஷனின் மை காயவில்லை என்று மிர்ச்சா கண்டுபிடித்தார். விரலால் தேய்த்தால் கறுப்பு ஒட்டியது. அந்தக் கட்டுகள் அடுக்கியிருந்த பலெட்டின், அதாவது மரத்தட்டின், மேல் ஒரு சிவப்பு அட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டு நாளும் மனைவியின் பத்திர வேலைக்காக அவருக்கு லீவு. சிவப்பு அட்டைக்கு அந்தத் தொழிற்சாலையில் ஒரே அர்த்தம்தான்: ஈரம், பொறு. ஆனால் எனக்கு அதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதுவரை நான் ஒரு சிவப்பு அட்டையையும் கண்டிருக்கவுமில்லை.

புதன் காலை நான் உள்ளே போகும்போது கிரெய்க் பலெட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். நாலாவது பலெட்டடியில் நின்று சிவப்பு அட்டையை எடுத்து வாசித்தார். அங்குமிங்கும் பார்த்தார். அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பலெட்டைத் தள்ளிக்கொண்டுபோய் வேறு ஒரு வேலையின் பேப்பர் அடுக்குக்குப் பின்னால் விட்டார். அந்த நேரம் ஃபோன் அடித்தது, ஓடினார். அரை மணித்தியாலம் கழித்து வந்து, "வெள்ளிக்கிழமை காலமை லொறி வருது, தொடங்குங்கோ" என்று கையைத் தட்டினார்.

மேசையில் ஏழு அடுக்குத்தான் இருந்தது.

ஏஜென்சியில் இருந்து வந்த இரண்டு பெண்களும் நானும் மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினோம். முதல் புத்தகத்தின் முதுகைப் பார்த்தேன். மூன்றாம் படிக்குப் பிறகு ஒரு வெற்றிடம், அதன் பிறகு ஐந்தாம் படி. உள்ளே திறந்தேன். மூன்றாம் அத்தியாயம் கச்சிதமாக முடிந்திருந்தது. அடுத்த பக்கத்தில் ஐந்தாம் அத்தியாயம் கச்சிதமாகத் தொடங்கியது. நடுவில் இருந்த சிந்தனை வேர்கள் முழுவதும் இல்லை. ஒரு வசனம்கூட அரைகுறையாக நிற்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? "ஐயோ, ஒரு செக்‌ஷன் விடுபட்டுப் போச்சு" என்று நினைப்பீர்கள். மூளை உள்ள யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. "இந்த நாட்டிலும் தொடங்கிவிட்டார்கள்" என்று நினைத்தேன்.

சிரிக்க வேண்டாம். எங்கள் பாடசாலைக்கு ஒருமுறை மேலிடத்துக் கடிதம் ஒன்று வந்தது. சரித்திரப் புத்தகத்தில் இன்ன பக்கத்தில் இருந்து இன்ன பக்கம் வரை வெள்ளைத் தாள் ஒட்டவும். பசை வாளியும் தூரிகையும் கொண்டுவந்து, ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, நான் என் கையாலேயே ஒட்டினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒட்டி முடித்துத் தேநீர் குடித்தோம். அப்படிப்பட்ட எனக்கு, ஒரு பெரிய மனிதர் சிவப்பு அட்டையை வாசித்து, சுற்றிப் பார்த்து, பையில் போட்டு, பலெட்டை ஒளித்தால் வேறு என்ன தோன்றும்? புரட்சி நடந்த கதையைச் சொல்லலாம், அது ஏன் மனிதரின் தலைக்குள் வந்தது என்று பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. அரசாங்கம் என்றால் அரசாங்கம்தான், எந்தத் தேசமாக இருந்தால் என்ன! பொருளடக்கத்தில் நான்காம் அத்தியாயம் அப்படியே இருந்தது. அவசரத்தில் அதை வெட்ட மறந்துவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன்.

கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வசந்தியிடம் மட்டும் மெல்லச் சொன்னேன். அவர் கோயம்புத்தூர்க்காரி, என்னை அக்கா என்பார்.

"நாலாவது சாப்டரைக் காணேல்லை, வசந்தி. வேணுமெண்டுதான் எடுத்திருக்கினம் போல."

"அப்படியா? இருக்கும்க்கா. நமக்கெதுக்கு வம்பு? கிரெய்க்கே முன்னால நின்னு செய்யறார்ல, பேசாம கையெழுத்துப் போட்டுட்டு வாங்க."

போட்டேன். மூவாயிரம் புத்தகம், ஒவ்வொரு அடுக்குக்கும் செக் ஷீட்டில் என் கையெழுத்து. மனம் கனத்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கனம் எனக்குப் பழக்கப்பட்ட கனம். வெள்ளிக்கிழமை மிர்ச்சா வேலைக்குத் திரும்பும்போது லொறி போய்விட்டது. அவரையும் நேராக வேறு ஒரு வேலையில் போட்டுவிட்டார்கள்.

4. திங்கட்கிழமை

திங்கள் பத்து மணிக்குப் பதிப்பாளர் ஃபோனில் கத்தியது எங்கள் மேசை வரைக்கும் கேட்டது. கிரெய்க்கின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஓடி ஓடித் தேடி, பேப்பர் அடுக்குக்குப் பின்னால் அந்தப் பலெட்டைக் கண்டார்.

"மிர்ச்சா! இதை இங்கை ஆர் விட்டது?"

"நான் விடேல்லை. மெஷினடியில விட்டனான். ஈரம் எண்டு சிவப்பு அட்டை போட்டனான்."

"எங்கை அட்டை?"

அட்டை இல்லை. மிர்ச்சா பலெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பாவம், அந்த மனிதர் தரையில் முழங்கால் போட்டுத் தேடினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பதிப்பாளருக்கே தெரியாது! ஒருவரும் ஒன்றையும் தடைசெய்யவில்லை. யேசுவே, வெறும் பிழை! அரசாங்கமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை, காயாத மை! நான் படிக்கட்டில் ஒரு படி இல்லாததைக் கண்ணால் கண்டு, வாசித்து, உறுதிப்படுத்தி, மூவாயிரம் தரம் சரி என்று விட்டிருக்கிறேன். அப்படியே ஒரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் செய்தி வந்தது: நாளைக்குக் காலை பார்பரா விசாரிப்பார். ஏற்கெனவே ஒரு முறை மெஷின் விஷயத்தில் மிர்ச்சாவுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். இது இரண்டாவது, வேலை போய்விடும். வேலை போனால் மனைவியின் பத்திரமும் போய்விடும்.

"அக்கா, உங்களை யாரும் எதுவும் சொல்லலையே?" என்றார் வசந்தி. "அப்புறம் என்ன? நீங்களா போய்த் தலையைக் கொடுக்காதீங்க."

அது உண்மைதான். என் கையெழுத்து இருக்கும் செக் ஷீட்டைப் பார்த்தும் கிரெய்க் என்னை ஏசவில்லை. ஏன் என்று மறுநாள்தான் தெரிந்தது.

5. தேநீர் அறை

செவ்வாய் காலை தேநீர் அறையில் பார்பரா, கிரெய்க், மிர்ச்சா, நான். செக் ஷீட்டைப் பார்பரா மேசையில் வைத்தார்.

"இது மரியாவின்ர கையெழுத்துத்தானே?"

நான் வாயைத் திறக்க முன் கிரெய்க் சொன்னார். "அவவை விடுங்கோ, பார்பரா. அவவுக்கு இங்கிலீஷ் அவ்வளவு தெரியாது. கட்டை எண்ணுவா, அவ்வளவுதான். அந்தப் புத்தகம் என்னத்தைப் பற்றினது எண்டுகூட அவவுக்குத் தெரிஞ்சிருக்காது."

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். சும்மா இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. பதினொரு வருடம்! இந்த மனிதருக்கு நான் ஒன்றும் தெரியாதவளா?

"எனக்குத் தெரியும்" என்றேன். "நாலாவது அத்தியாயம். சிந்தனை வேர்கள். நாப்பத்தொன்பதாம் பக்கத்தில இருந்து அறுபத்து நாலு வரைக்கும். ராஜாவுக்கு ஆர் அதிகாரம் குடுத்தது எண்டு சனம் கேக்கத் தொடங்கினது. தடைசெய்த தாளை மற்றப் புத்தகத்துக்குள்ள செருகிக் கொண்டுவந்தது. நான் முழுக்க வாசிச்சனான். புதன்கிழமை அது இல்லை எண்டு கண்டனான். கண்டுதான் கையெழுத்து வைச்சனான்."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கிரெய்க்கின் வாய் திறந்தபடி இருந்தது.

"அப்ப ஏன் சொல்லேல்லை?" என்றார் பார்பரா.

"அரசாங்கம் எடுக்கச் சொல்லியிருக்கும் எண்டு நினைச்சன்."

"எந்த அரசாங்கம்?"

"உங்கட அரசாங்கம்."

கிரெய்க் சிரித்துவிட்டார். பார்பராவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மிர்ச்சா சிரிக்கவில்லை. "நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்" என்றார், மேசையைப் பார்த்தபடி. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

பார்பரா பெருமூச்சு விட்டார். "சரி. மரியா பிழையை ஒத்துக்கொண்டிட்டா. ஆனா பலெட்டை ஒளிச்சு வைச்சது மிர்ச்சாதானே, அதில மாற்றமில்லை." பிறகு ஒரு படிவத்தை எங்கள் பக்கம் தள்ளினார். "முடிவெடுக்க முதல், உங்களுக்கு ஏதாவது கேக்க இருக்கோ?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. என் வாழ்நாளில் எந்த அதிகாரியும் தண்டனை கொடுக்க முதல் என்னிடம் கேட்க இருக்கிறதா என்று கேட்டதில்லை. என் பிழையை ஒப்புக்கொள்வது எனக்குப் பெரிய காரியமில்லை. எங்களுக்கு அது வரும். குனிந்து நின்று "ஓம், என்ர பிழைதான்" என்று சொல்லப் பழகியவர்கள் நாங்கள். மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பதுதான் வராது. மிர்ச்சாவின் கைகளைப் பார்த்தேன். மேசைக்குக் கீழே ஒன்றை ஒன்று நெரித்துக்கொண்டிருந்தன.

"மிஸ்டர் கிரெய்க்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "மிஸ்டர் கிரெய்க், புதன்கிழமை காலமை நீங்கள் அந்தச் சிவப்பு அட்டையை எடுத்து வாசிச்சனீங்கள் எல்லோ? வாசிச்சுப்போட்டுச் சட்டைப் பொக்கற்றுக்க வைச்சனீங்கள். பிறகு பலெட்டைத் தள்ளிக்கொண்டு போனனீங்கள். ஃபோன் அடிச்சது."

இப்போது கத்துவார், மேசையில் அடிப்பார், பொய் சொல்கிறாள் என்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் மிர்ச்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ" என்றார். "ஓம். நான்தான். அட்டை விழுந்திடும் எண்டு பொக்கற்றுக்க வைச்சு, பாதை மறிக்குது, காய்ஞ்ச பிறகு எடுப்பம் எண்டு தள்ளினனான். அந்த ஃபோனோட மறந்துபோனன். சுத்தமா மறந்துபோனன்." எழுந்து மிர்ச்சாவிடம் கையை நீட்டினார். "மன்னிச்சுக்கொள்."

அவர் பொய் சொல்லவில்லை, ஒளிக்கவும் இல்லை. நேற்று ஒருவர் இதைக் கேட்டிருந்தால் நேற்றே சொல்லியிருப்பார். புதன்கிழமை நான் கேட்டிருந்தால், ஒன்றுமே நடந்திருக்காது.

6. பிறகு

புத்தகங்களைத் திருப்பி எடுத்து, முதுகை வெட்டி, நாலாவது செக்‌ஷனைச் செருகி மறுபடி கட்டினோம். கிரெய்க் சனிக்கிழமையும் வந்து எங்களோடு நின்றார். எழுத்தில் எச்சரிக்கை அவருக்கும் எனக்கும், நியாயம்தான். மிர்ச்சாவின் வேலை தப்பியது. அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம், "நான் இண்டைக்கு சூப்பர்வைசரைக் கேள்வி கேட்டிட்டன்" என்றேன். அவர் கையில் இருந்த சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு, "ஆர் உம்மைக் கேக்கச் சொன்னது? இனி என்ன நடக்கப் போகுதோ" என்றார். இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தோம். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த கிழமையும் நடக்கவில்லை. அந்தத் தொழிற்சாலையில் நான் பட்ட அதிர்ச்சிகளில் இதைவிடப் பெரியது வேறில்லை.

வேலைக்குப் புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பிழையைக் கண்டால் நின்ற இடத்திலேயே வாயைத் திறந்து கேளுங்கள். காரணத்தை நீங்களே கண்டுபிடித்து உங்களையே சமாதானப்படுத்த வேண்டாம். மற்றவருடைய வாழ்க்கை அதில் போய்விடும்.

கேட்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது என்று சொல்லவும் முடியாது. எங்கள் பாடசாலையில் செல்வமலர் என்று ஒரு டீச்சர் இருந்தார். பள்ளிக்கூட நேரத்தில் கூட்டம் வைக்கத் துப்பாக்கியோடு வந்தவர்களிடம், "பிள்ளைகளுக்குச் சோதினை கிட்டுது, ஏன் இப்ப கூட்டிக்கொண்டு போறியள்?" என்று கேட்டார். ஒரே ஒரு கேள்வி. இரண்டு நாள் கழித்து அவர் வேலைக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. அவருடைய வகுப்பை நான்தான் எடுத்தேன். பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களில் அவர் எந்த வரியில் விட்டிருந்தாரோ, அந்த வரியில் இருந்து நோட்ஸ் சொன்னேன். முப்பது பிள்ளைகளும் தலை குனிந்து எழுதினார்கள். டீச்சர் எங்கே என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்தான் அதட்டி இருத்தியிருப்பேன்.